நோட்டீஸ் வாங்கின ஃபங்ஷனும் பத்தவைக்காத சூளையும்

போன மாசம் பெங்களூர்லேருந்து எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி போன் பண்ணுனா. பெரிய கம்பெனியில ப்ரோக்ராம் எழுதுற வேலை. "மேடம், ஓட்டும்போதெல்லாம் 'டெப்ரிகேட்டட், டெப்ரிகேட்டட்'னு வரி வரியா வந்து விழுது. அதை வரவிடாம அமுக்கறதுக்கு ஒரு கமாண்ட் இருக்குதாமே, உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "ஏன்டி, தபால்காரர் வாசல்ல நின்னு கூப்புடுறாரு, கதவை எப்படிச் சாத்துறதுன்னா என்கிட்ட கேக்குற?"ன்னு கத்திட்டேன். பாவம், அவ என்ன பண்ணுவா. இப்ப எல்லாத்தையும் மெஷினே புதுப்பிச்சுக்குதாம், எந்த ஃபங்ஷன் எப்ப போகுதுன்னு மனுசன் உக்காந்து பாக்கறது வெட்டி வேலையாம். நான் பதினெட்டு வருசம் அந்த வெட்டி வேலையத்தான் பாத்தேன். அதுவும் விருத்தாசலத்துல, செராமிக் பேட்டைக்குள்ள, தகரக் கூரைக்குக் கீழ.

என் பேரு கொளஞ்சி. எங்க ஊர்த் தெருவுல அந்தப் பேரைச் சொல்லிக் கூப்புட்டா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, அதுல நானும் ஒருத்தி. செராமிக் டிப்ளமா படிச்சேன். கொஞ்ச வருசம் பூச்சுக் கலவை கலக்கற லேப்ல இருந்தேன். முப்பது தாண்டினப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில கம்ப்யூட்டர் கத்துக்கிட்டேன். என் வூட்டுக்காரரு அப்ப ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுல கண்டக்டரு. "இந்த வயசுல இது என்னத்துக்கு உனக்கு?"ன்னு கேட்டாரு. நான் பாட்டுக்குக் கோர்ஸை முடிச்சேன். படிச்ச கதை அவ்வளவுதான்.

பேட்டையில இருந்த சின்னச் சூளைக்காரங்க சேந்து ஒரு கம்ப்யூட்டர் ரூம் வெச்சிருந்தாங்க. பீங்கான் பொம்மை, கரண்டுக் கம்பத்துல மாட்டுற இன்சுலேட்டர், இதெல்லாம் சுடுறவங்க. சூளையில எந்த நேரத்துக்கு எவ்வளவு சூடு இருக்கணும், இப்ப எவ்வளவு இருக்குது, எப்ப பர்னரைக் கூட்டணும்னு திரையில காட்டி மணி அடிக்கிற ப்ரோக்ராம்தான் எங்க பொழப்பு. காசு குடுத்து மென்பொருள் வாங்க வழியில்ல, அதனால எல்லாமே சும்மா கெடைக்கிற லினக்ஸ்தான். சூளைக்குள்ள சொருகுற கம்பியிலேருந்து சூட்டைப் படிக்கிற ஃபங்ஷன்களை எங்கயோ குளிரு நாட்டுல நாலஞ்சு பேரு சேந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு சும்மாவே குடுத்திருந்தாங்க. ஃபங்ஷன்னா வேற ஒண்ணுமில்ல, பேரைச் சொல்லிக் கூப்புட்டா வந்து ஒரு வேலையச் செஞ்சு குடுத்துட்டுப் போற ஆளு. அவங்க எழுதிக் குடுத்த ஆளுங்கதான் எங்க சூளைங்கள்ல வேலை செஞ்சாங்க.

சும்மா குடுத்தவங்க கேக்காமயே மாத்தவும் செய்வாங்க. இந்த ஃபங்ஷன் இனிமே வேணாம், வேற ஒண்ணு எழுதிட்டோம், கொஞ்ச நாள் கழிச்சு இதை எடுத்துடுவோம்னு ஒரு அறிவிப்பு வரும். அதுக்குப் பேருதான் டெப்ரிகேட்டட். எங்க அந்தோணிசாமி சாரு அந்த வார்த்தையச் சொல்லவே மாட்டாரு. "இது நோட்டீஸ் வாங்கினது"ம்பாரு.

அந்தோணிசாமி சாருதான் எங்க ரூமுக்குத் தலைவரு. கம்மாபுரம் பக்கத்து ஆளு. அவங்க ஊரு சுரங்கத்துக்காக எடுக்கப் போற நிலத்துக்குள்ள வந்துருச்சு, அவங்க வூட்டுக்கு நோட்டீஸ் வந்து ரொம்ப வருசம் ஆச்சு. காலையில டிவிஎஸ் வண்டிய வேப்பமரத்து நெழல்ல நிறுத்திட்டு உள்ள வந்தாருன்னா சாயங்காலம் வரைக்கும் குரல் ஒசந்து நாங்க கேட்டதில்ல. தன் பொண்ணு வயசு ஆளுங்களைக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்புடுவாரு. கோவம் வந்தா மூக்குக் கண்ணாடியக் கழட்டித் துண்டால தொடைப்பாரு. ரொம்பக் கோவம்னா தொடைச்சதையே திரும்பத் தொடைப்பாரு. அவரு கை கண்ணாடிக்குப் போனாலே நானும் ராஜவேலும் எழுதினதை மொதல்லேருந்து சரிபாக்க ஆரம்பிச்சுடுவோம். ராஜவேலு என்கூட வேலை பாத்தவரு, கை ரொம்ப வேகம், வாய் அதை விட வேகம்.

வேலைக்குச் சேந்த புதுசுல சாரு என்கிட்டச் சொன்னது இன்னும் காதுல இருக்குது. "நோட்டீஸ் வந்தா வூட்டை அன்னைக்கே இடிக்க மாட்டாங்கம்மா. பத்து வருசம்கூட நிக்கும். நீங்க பாட்டுக்குச் சமைக்கலாம், படுக்கலாம். ஆனா அதுல புதுசா ஒரு ரூம் எடுக்கக் கூடாது. அப்புறம் மாத்து எடம் குடுக்கறோம்னு ஒண்ணைக் காட்டுவாங்க பாருங்க, அதை நேர்ல போயிப் பாக்காம மூட்டையக் கட்டக் கூடாது."

இந்த ரெண்டு பேச்சுதான் எங்க ஆபீஸ் சட்டம். வெள்ளிக்கிழமை ஆனா அதுக்குன்னு ஒரு வழக்கம் உண்டு. மூலையில ஒரு பழைய மெஷின், அதுக்கு வெள்ளோட்டம்னு பேரு வெச்சிருந்தோம். எது புதுசா வந்தாலும் மொதல்ல அதுலதான் ஏறும். எங்க ப்ரோக்ராம் அத்தனையையும் அதுல ஓட்டி, வந்து விழுற எச்சரிக்கை வரிகளை ஒருத்தரு சத்தமா வாசிக்கணும். சாரு நாற்காலியத் திருப்பிப் போட்டு ஜன்னலப் பாத்தபடி கேப்பாரு. ஒவ்வொரு வரிக்கும் அவரு கேக்கறது ஒண்ணேதான்: "எந்த வெர்ஷன்ல நோட்டீஸ் குடுத்தாங்க, எந்த வெர்ஷன்ல இடிக்கிறாங்க, மாத்து எடம் எங்க?" மூணுக்கும் பதில் சொல்லாம டீ கெடையாது. ராஜவேலு டீக்காகவே மடமடன்னு வாசிப்பாரு, சாரு திரும்ப வாசிக்கச் சொல்லுவாரு.

கேக்கறது சுலபம், கண்டுபுடிக்கறதுதான் பாடு. சில பேரு ஒழுங்கா ஃபங்ஷன் தலையிலயே அறிவிப்பு ஒட்டிடுவாங்க. சில பேரு தங்களுக்குள்ள எழுதிக்கிற மெயில்ல போற போக்குல ஒரு வரி போட்டுட்டு ஊருக்கே சொன்ன மாதிரி இருந்துடுவாங்க. சில பேரு நோட்டீஸ் குடுத்துட்டு மறந்தே போயிடுவாங்க, அந்த ஃபங்ஷன் கல்லு மாதிரி வருசக்கணக்கா நிக்கும். அதனால நாங்க ஒவ்வொரு வெர்ஷனையும் பிரவுசிங் சென்டர்ல இறக்கி சிடியில ஏத்தி பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சிருந்தோம். ஒரு ஃபங்ஷனோட கதை வேணும்னா, அடுத்தடுத்த ரெண்டு வெர்ஷனை எடுத்துப் பக்கத்துப் பக்கத்துல வெச்சு வரிவரியா ஒப்பிடணும். எதுல மொதல்ல நோட்டீஸ் விழுந்துச்சு, எதுல ஆளே காணாமப் போச்சுன்னு அப்பத்தான் தெரியும். அதுக்கு நானே ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதி வெச்சேன். அதை எழுதி முடிச்ச அன்னைக்கு சாரு எனக்கு மட்டும் ரெண்டு வடை வாங்கிக் குடுத்தாரு. ராஜவேலு ஒரு வாரம் அதைச் சொல்லியே கிண்டல் பண்ணுனாரு.

இனிமே காளியப்பண்ணன் கதைக்கு வரேன். இதை எழுத உக்காந்ததே அவருக்காகத்தான்.

காளியப்பண்ணன் தனவேல் முதலாளியோட இன்சுலேட்டர் சூளையில பர்னர்க்காரரு. சூளைக்குள்ள ஒரு சின்ன ஓட்டை வழியா நெருப்போட நெறத்தைப் பாத்தே சூட்டைச் சொல்லிடுவாரு. அப்படி வருசக்கணக்கா பாத்துப் பாத்து ரெண்டு கண்ணுலயும் பொரை விழுந்துருச்சு. டாக்டரு ஆபரேசன் பண்ணிட்டு, இனிமே அந்த ஓட்டைப் பக்கமே போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நெறத்தைப் பிரிச்சுப் பாக்கறது போச்சு. அந்தச் சமயத்துல நல்ல வேளையா எங்க திரை அவரு ஷெட்டுக்கு வந்துச்சு. அவருக்குன்னே நம்பரைக் கை அகலத்துக்குப் பெருசா காட்டற மாதிரி எழுதிக் குடுத்தேன். "தங்கச்சி, எனக்குக் கண்ணு வந்துருச்சும்மா"ன்னு அன்னைக்கு அவரு சொன்னாரு. நான் கழிவறைக்குப் போயி அழுதுட்டு வந்தேன், அதைச் சொல்றதுல எனக்கு என்ன வெக்கம்?

திரை வந்தப்ப தனவேல் முதலாளி ஒரு சண்டை போட்டாரு. காரணம் என்னன்னா, எங்க பேட்டையில அதுக்கு முன்னாடி இருந்தது முள்ளு மீட்டரு. சூளையில சரக்கு அடுக்கி, கற்பூரம் காட்டி, பத்தவைக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரால திருகி முள்ளை ஜீரோவுல நிறுத்துவாங்க. அது எல்லா ஷெட்டுலயும் வழக்கம். எங்க திரையோ பத்தவைக்காத சூளைக்கே முப்பத்தெட்டு, நாப்பதுன்னு காட்டும். "நெருப்பே வைக்கல, அதுக்குள்ள நாப்பதா? பொய் சொல்லுது உங்க பொட்டி"ன்னு முதலாளி குதிச்சாரு. ஷெட்டுலயே நாப்பது டிகிரி வெயில் இருக்குதே, அது கணக்குல சேர வேணாமான்னு சாரு பொறுமையா எடுத்துச் சொன்னாரு. முள்ளையும் திரையையும் ஒரே சூட்டுல பக்கத்துல ஓடவிட்டு, உச்சிச் சூட்டுக்கான நம்பரைத் திரைக்குத் தக்கபடி மாத்தி எழுதினோம். முதலாளி ஒத்துக்கிட்டாரு. ஆனா மனசு ஒப்பல.

அப்புறம் ஒரு சித்திரைக் கடைசியில, கோடை மழையோட இடி எறங்குச்சு. சூளை உச்சியில எரிஞ்சுக்கிட்டு இருக்கறப்ப ஷெட்டுல இருந்த மெஷின் பொகைஞ்சு போச்சு. காளியப்பண்ணன் வேற வழியில்லாம அந்த ஓட்டையில கண்ணை வெச்சாரு. ஒண்ணும் தெரியல. குத்துமதிப்பா அணைச்சாரு, சரக்கு பாதி வேகாம வந்துருச்சு. முதலாளிக்குத் தாங்கல. சேலத்துலேருந்து கண்ணு நல்லா இருக்கிற பர்னர்க்காரரு ஒருத்தரை வரவழைச்சாரு, பழைய முள்ளு மீட்டரையும் தூசி தட்டி எடுத்தாரு. சாரு போயிப் பேசினதுல ஒரு தவணை குடுத்தாரு. "புது மெஷின் வாங்கித் தரேன். வியாழக்கிழமை ராகு காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள திரை தயாரா இருந்தா காளியப்பன் பத்தவைக்கட்டும். இல்லைன்னா சேலத்துக்காரரு பத்தவைப்பாரு. காளியப்பன் அதுக்கப்புறம் வரவேணாம்." எங்க பேட்டையில யாரு பத்தவைக்கிறாங்களோ அவங்கதான் அணைக்கிற வரைக்கும் பொறுப்பு, நடுவுல கை மாறக் கூடாது. அதனால அன்னைக்குத் தீக்குச்சி யாரு கையில இருக்குதோ, வேலையும் அவருக்குத்தான்.

புது மெஷின்ல புது லினக்ஸ். சூட்டைப் படிக்கிற பழைய ஃபங்ஷன் அதுல இல்லவே இல்ல. அது நோட்டீஸ் வாங்கினது எங்களுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமைகள்ல வாசிச்சதுதான். சூளைங்களை ஒவ்வொண்ணா மாத்து எடத்துல, அதாவது புது ஃபங்ஷன்ல, ஓட்டிப் பாத்துக் குடியேத்தலாம்னு இருந்தோம், அதுக்குள்ள இடி முந்திக்கிச்சு. பழைய வெர்ஷனையே ஏத்தலாம்னா புது மெஷின் அதைச் சேத்துக்கல. ராஜவேலு அறிவிப்புல சொல்லியிருந்த புது ஃபங்ஷன் பேரைப் போட்டு எழுதி ஓட்டுனாரு. ஒரு எச்சரிக்கை வரிகூட வரல.

வியாழக்கிழமை காலையில ஷெட்டுல எல்லாரும் கூடியிருந்தோம். சூளை அடுக்கி மூடியாச்சு. முதலாளி ஸ்ரீமுஷ்ணம் கோயில் பிரசாதத்தோட நிக்கிறாரு. சேலத்துக்காரரு ஓரமா ஒரு செங்கல் அடுக்கு மேல உக்காந்து டீ குடிக்கிறாரு. காளியப்பண்ணன் துவைச்ச சட்டை போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. ராஜவேலு திரையைப் போட்டாரு. பெருசா ஒரு ஜீரோ வந்து நின்னுச்சு.

"அப்பாடா!"ன்னாரு முதலாளி. "இப்பத்தான் பொட்டிக்குப் புத்தி வந்துருக்குது. நம்ம முள்ளு மாதிரியே காட்டுது பாரு." எல்லாரு மூஞ்சியிலயும் சிரிப்பு. பேட்டையில பொறந்து வளந்தவங்களுக்குப் பத்தவைக்காத சூளைன்னா ஜீரோதான். ராஜவேலுக்கும் அதே பழக்கம்.

எனக்கு மட்டும் முதுகுல வேர்வை வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. வெளிய வெயில் கொளுத்துது, இங்க ஜீரோவா?

"ஏன் முதலாளி, சூளைக்குள்ள ஐஸா அடுக்கி வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

கேட்டப்புறம்தான் என்ன செஞ்சிருக்கேன்னு உறைச்சுது. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா காளியப்பண்ணன் பத்தவைச்சிருப்பாரு. ஆனா திரை குறைச்சுக் காட்டும், அவரு உச்சிச் சூட்டு நம்பரு வர்ற வரைக்கும் நெருப்பைக் கூட்டிக்கிட்டே போவாரு, சரக்கெல்லாம் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். பழி அவரு மேலதான் விழும். வாயைத் திறந்ததுனால இப்ப திரை தயாரா இல்லைன்னு ஆயிடுச்சு.

"அப்ப ரெடி இல்லைங்கறியா?"ன்னாரு முதலாளி. சேலத்துக்காரரு டீ கிளாஸைக் கீழ வெச்சாரு. காளியப்பண்ணன் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. அந்தப் பார்வையத் தாங்க முடியாம நான் திரும்பிக்கிட்டேன்.

அந்தோணிசாமி சாரு கண்ணாடியக் கழட்டல. ராஜவேலுகிட்ட மெதுவா கேட்டாரு, "மாத்து எடத்தை நேர்ல போயிப் பாத்தீங்களா தம்பி?" ராஜவேலு, "பேரு குடுத்திருந்தாங்க சார், அதையே போட்டேன்"னாரு. சாரு முதலாளி பக்கம் திரும்பினாரு. "ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க. சொன்ன சொல்லு உங்களுது. அது வரைக்கும் குடுங்க." முதலாளி சட்டைப் பையைத் தடவினாரு, கடிகாரத்தைப் பாத்தாரு, தலையாட்டினாரு.

பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கிட்டு வெள்ளோட்டத்துக்கிட்ட ஓடினோம். ராஜவேலு சிடி போட, நான் ஒப்பிட்டேன். நோட்டீஸ் விழுந்த வெர்ஷன் ஒண்ணு, ஆளை எடுத்த வெர்ஷன் ஒண்ணு, ரெண்டும் எங்களுக்குத் தெரிஞ்சதுதான். ரெண்டுக்கும் நடுவுல இருந்ததை ஒவ்வொண்ணா பிரிச்சேன். சூளைக்குள்ள சொருகுற கம்பி வேடிக்கையான ஜந்து. நுனியில எவ்வளவு சூடுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது, நுனிக்கும் வெளிய இருக்கிற அடிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு மட்டும்தான் சொல்லும். வெளிச் சூட்டை நாமதான் சேத்துக்கணும். பழைய ஃபங்ஷன் யாரும் கேக்காமயே அதைத் தனக்குள்ள சேத்துக் குடுத்துக்கிட்டு இருந்துருக்குது. நடுவுல ஒரு வெர்ஷன்ல அந்த வேலையப் பிரிச்சுத் தனி ஃபங்ஷனா வெச்சிட்டாங்க. புதுசு வித்தியாசத்தை மட்டும் குடுக்கும், வேணும்னா மத்ததையும் கூப்புட்டுச் சேத்துக்கங்கன்னு விட்டுட்டாங்க. எழுதினவங்க மேல தப்பு சொல்ல முடியாது, அது இன்னும் சுத்தமான வழிதான். ஆனா அறிவிப்புல அதைச் சொல்லல.

"வூடு குடுத்தாங்க, கெணறு அங்கயே நின்னுருச்சு"ன்னாரு சாரு. அவங்க ஊருக்குக் காட்டின மாத்து எடத்துக்கு முன்னாடியே போனவங்க தண்ணி இல்லாம அலைஞ்ச கதை எங்களுக்குத் தெரியும். அவரு சிரிச்சாரு, நாங்க சிரிக்கல.

தனி ஃபங்ஷனையும் கூப்புட்டுச் சேக்கற வரிகளை எழுதிக்கிட்டு ஷெட்டுக்கு வந்தோம். முதலாளி நம்பணுமே? "ரெண்டு நம்பரு காட்டி ரெண்டும் சரின்னு சொல்லுவீங்க, எதை நான் நம்பறது?"ன்னாரு. நியாயமான கேள்வி. நான் ஷெட்டு வாசல் டீக்கடைக்குப் போயி, கொதிக்கிற வெந்நிக் கெட்டிலை அடுப்போட தூக்கிட்டு வரச் சொன்னேன். டீக்கடைக்காரரு, "என்ன கொளஞ்சியம்மா, சூளைக்கே டீயா?"ன்னுகிட்டே வந்தாரு. உதிரியா இருந்த கம்பியக் கெட்டிலுக்குள்ள விட்டேன். மொதல்ல ராஜவேலு எழுதினதை ஓட்டினோம். தளதளன்னு கொதிக்கிற தண்ணிக்கு அறுபதுகிட்டத்தான் காட்டுச்சு. அப்புறம் என்னுதை ஓட்டினேன். நம்பரு ஏறி நூறுகிட்ட வந்து நின்னுச்சு.

ராஜவேலு என் தோளுக்குப் பின்னாடி, "அக்கா, இன்னைக்கு வடை என் செலவு"ன்னாரு.

அந்தச் சரக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. நல்லா வந்துச்சு. காளியப்பண்ணன் அதுக்கப்புறம் மக கல்யாணம் முடிச்சு, தானா போதும்னு சொல்லிக்கிட்டு நின்ன வரைக்கும் அந்தச் சூளையிலதான் இருந்தாரு. அந்தோணிசாமி சாரு வூடு அடுத்த வருசம் போச்சு. மாத்து எடத்துல மொதல்ல போர் போட்டு, தண்ணியக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சுவரு எழுப்பினாரு. ஆனா எனக்குள்ள இன்னைக்கும் நிக்கிறது கெட்டிலைத் தூக்கிட்டுப் போனப்புறம் நடந்ததுதான்.

முதலாளி சூளைக்குக் கற்பூரம் காட்டி முடிச்சாரு. எழுந்து நின்ன சேலத்துக்காரரைப் பாத்தாரு. அந்த மனுசன் நல்லவரு, தானாவே ஒரு அடி பின்னால போயிட்டாரு. முதலாளி காளியப்பண்ணன்கிட்டப் போயி, தீப்பெட்டியை நீட்டினாரு.

காளியப்பண்ணன் வாங்கல. மொதல்ல திரைக்கு நேரா வந்து நின்னு, அண்ணாந்து பாத்தாரு. கை அகல நம்பரை வாய்விட்டுப் படிச்சாரு.

"நாப்பத்தொண்ணு."

சட்டையத் தூக்கிக் கழுத்து வேர்வையத் தொடைச்சிக்கிட்டாரு.

"சரிதாம்மா. இது நம்ம ஊருதான்"னு என்கிட்டச் சொல்லிட்டு, தீப்பெட்டிய வாங்கிக் குனிஞ்சு பத்தவைச்சாரு.